மார்கழிப் பனி, ஏசிக் குளிர், கடல் உப்பு: 12 போர் துப்பாக்கி மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் வங்கி வாசல்களிலும் அடகுக்கடை வாசல்களிலும் துப்பாக்கியோடு நிற்கும் கன்மேன்களில் பலர் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். கையில் இருப்பது பெரும்பாலும் 12 போர் (குழலின் அளவைச் சொல்லும் எண்) டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி. தினமும் தோளில் ஏறி இறங்கும், ஆனால் சுடுவது அபூர்வம். அதனால் உள்ளே என்ன பழுது ஒளிந்திருந்தாலும் வெளியே தெரியாது. பயிற்சிச் சூட்டுக்குப் போகிற அன்றைக்குத் தெரியும், இல்லையென்றால் அதைவிட மோசமான ஒரு நாளில் தெரியும். நான் பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக வேலை பார்த்தவன், இப்போது தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லி வந்ததை, துப்பாக்கி காட்டும் அறிகுறிகளை வைத்து இங்கே எழுதுகிறேன்.

மழையில் நனைந்த துப்பாக்கியை எல்லோரும் துடைத்துவிடுகிறார்கள். அதனால் அது அவ்வளவாகக் கெடுவதில்லை. நம் பக்கத்தில் துப்பாக்கியைக் கெடுப்பவை வேறு இரண்டு. மழையே இல்லாமல் படிகிற ஈரம் ஒன்று, குளிரில் இறுகிப்போகிற தப்பான எண்ணெய் இன்னொன்று. சென்னையில் என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். மார்கழி, தை மாத விடியற்காலையில் வெப்பம் 21 டிகிரி வரை இறங்குகிறது. வங்கிக்குள் ஏசி 24-ல் ஓடுகிறது, சில கிளைகளில் இன்னும் குறைவாகவே வைத்திருப்பார்கள். துப்பாக்கி தடுமாற இந்தக் குளிர் போதும். எப்படி என்று கீழே வருகிறது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. துடைப்பது, எண்ணெய் போடுவது, கவனித்துப் பார்ப்பது இவ்வளவுதான் நம் வேலை. லாக்கை, அதாவது சுத்தியலும் ஸ்பிரிங்கும் இருக்கிற உள் அமைப்பைக் கழற்றுவது, ஸ்பிரிங் மாற்றுவது, குழலைச் சரிசெய்வது எல்லாம் பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ள கடைக்காரர் செய்ய வேண்டியது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தெருமுனை லேத் பட்டறையில் எவ்வளவு கைராசியான ஆள் இருந்தாலும் அவரிடம் கொடுக்கக் கூடாது.

கையில் எடுத்ததும்

பழுது என்னவாக இருந்தாலும் துப்பாக்கியைத் திறந்து இரண்டு தோட்டாவையும் வெளியே எடுங்கள். தோட்டா உட்காருகிற சேம்பரைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில், இல்லையென்றால் எட்டாத தூரத்தில் வையுங்கள். பிறகு குழல்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு வட்டங்களும் கண்ணாடி போலத் தெரிய வேண்டும். இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள். இருபது வருடம் சர்வீஸ் போட்டவருக்கும் இது பொருந்தும்.

ட்ரிகர் இழுத்தால் "டக்" என்கிறது, வெடிக்கவில்லை

அதிகமாகக் கேட்கிற புகார் இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதலில் அசையாதீர்கள். குழலை ஆளில்லாத பக்கம், மண்ணை நோக்கி வைத்தபடி குறைந்தது 30 வினாடி நில்லுங்கள். ஈரம்பட்ட தோட்டாவில், மருந்துக்குத் தீ வைக்கிற பிரைமர் பற்றிக்கொண்டு, வெடிமருந்து தாமதமாக எரிந்து வெடிப்பது உண்டு. உடனே திறந்தால் அது உங்கள் முகத்துக்கு முன்னால் நடக்கும். 30 வினாடி கழித்து, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு திறந்து தோட்டாவை எடுங்கள்.

இப்போது தோட்டாவின் அடியைப் பாருங்கள். நடுவில் இருக்கிற பிரைமர்தான் உங்களுக்கு முழுக் கதையையும் சொல்லப்போகிறது.

பிரைமரில் ஆழமான, நடுவில் சரியாக விழுந்த குழி இருக்கிறதா? அப்படியானால் துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது, குற்றம் தோட்டாவில். அந்த டப்பாவில் இருக்கும் மற்ற தோட்டாக்களையும் சந்தேகப்படுங்கள். பித்தளை அடியில் பச்சைக் களிம்பு, ஓட்டின் வாய் மடிப்பில் பிளவு, கையில் எடுத்தால் பிசுபிசுப்பு, இதில் எது இருந்தாலும் அவை டியூட்டிக்கு உதவாது. குறிப்பாக இடுப்பு பெல்ட்டில் மாதக்கணக்கில் செருகி வைத்த தோட்டாக்கள். வியர்வையும் உப்புக் காற்றும் பட்டுப்பட்டு, பெல்ட்டின் தோல் தொட்ட இடத்தில்தான் முதலில் களிம்பு பிடிக்கும். டியூட்டி முடிந்ததும் பெல்ட்டிலிருந்து எடுத்துத் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வைப்பது ஒரு நிமிட வேலை. தோட்டாவுக்கு எண்ணெய் மட்டும் தடவாதீர்கள். எண்ணெய் பிரைமரின் ஓரமாக உள்ளே இறங்கினால் நல்ல தோட்டாவையும் ஊமையாக்கிவிடும். காய்ந்த துணி போதும்.

குழி இருக்கிறது, ஆனால் ஆழமில்லை, லேசாகத் தொட்டுவிட்டுப் போனது போல் இருக்கிறதா? பழுது லாக்கில். இங்கேதான் நான் சொன்ன தப்பான எண்ணெய் வருகிறது.

நம் ஊரில் பலர் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிறார்கள். வீட்டில் இருக்கிறது, வாசனையும் நல்லது, கை படுகிற இடம் பளபளக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கத்திலேயே உறையத் தொடங்கிவிடும். மார்கழியில் குளியலறை அலமாரியில் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக இறுகி நிற்பதைப் பார்க்காத வீடு வடசென்னையில் இல்லை. அதே எண்ணெய், பிரைமரைக் குத்துகிற ஊசியின் துளைக்குள்ளும் சுத்தியலின் அச்சிலும் இருந்தால் அங்கேயும் அப்படித்தான் இறுகும். ஸ்பிரிங் தள்ளுகிற வேகத்தில் பாதியை அந்த இறுகிய எண்ணெயே தின்றுவிடும். ஊசி பிரைமரைத் தட்டுமே தவிர, அதை வெடிக்க வைக்கும் அளவுக்குக் குத்தாது. மத்தியானம் வெயிலில் அதே துப்பாக்கி சரியாக வேலை செய்யும். காலையில் மட்டும் மக்கர், பகலில் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்பதைத்தான்.

உறைவதோடு முடிவதில்லை. பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் காற்றில் கிடந்து கிடந்து பழைய வடைச்சட்டி ஓரம் போலப் பிசினாகிவிடும். அதில் தூசி ஒட்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, துறைமுகப் பக்கத்துக் கரித்தூள் எல்லாம் அந்தப் பிசினில் போய் உட்கார்ந்தால் ஊசித் துளைக்குள் உப்புத்தாள் வைத்தது போல ஆகிவிடும். கிரீஸும் வேண்டாம். லாரி வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸை ஒரு கன்மேன் லாக்குக்குள் அடைத்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடுதான் செய்திருந்தார், துப்பாக்கி துருப்பிடிக்கக் கூடாதென்று.

என்ன செய்யலாம்? வெளியே தெரிகிற இடங்களில் மண்ணெண்ணெய் அல்லது டர்பென்டைன் தொட்ட துணியால் பழைய எண்ணெயை முழுக்க எடுத்துவிடுங்கள். ஊசித் துளைகள் இருக்கிற முகப்பில் (மூடும்போது குழலின் பின்பக்கம் வந்து பொருந்துகிற இடம்) ஒன்றிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, முகப்பு கீழே பார்க்கும்படி சாய்த்து வைத்தால் கரைந்த அழுக்கு வெளியே வடியும். மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், அவ்வளவுதான். துருவைத் தடுக்காது. காய்ந்த பிறகு ரைஃபிள் ஆயில் ஒரு மெல்லிய படலம் போதும். விரலால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், வழியக் கூடாது. ரைஃபிள் ஆயில் கிடைக்கவில்லையென்றால் தையல் மிஷின் எண்ணெய். வண்ணாரப்பேட்டையில் தையல் மிஷின் பாகங்கள் விற்கிற கடையில் எங்கேயும் கிடைக்கும். அது இங்கத்திய குளிரில் உறையாது, பிசினாவதும் குறைவு. ஆனால் மெல்லியது, சீக்கிரம் போய்விடும், அதனால் வாரம் ஒருமுறை திரும்பப் போட வேண்டும். இவ்வளவு செய்தும் குழி ஆழமாகவில்லை என்றால் லாக்கின் உள்பக்கம் அழுக்கு இறுகியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஊசி முனை தேய்ந்திருக்கலாம். லைசென்ஸ் கடைதான்.

லேசான குழிக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. குழலும் முகப்பும் தளர்ந்து இடைவெளி விழுந்திருந்தால் ஊசி தொட வேண்டிய தூரம் கூடிவிடும். குழலுக்கு அடியில் இருக்கிற முன்கை மரத்தைக் கழற்றிவிட்டு, காலித் துப்பாக்கியை மூடி, பின்மரத்தைப் பிடித்து மெதுவாகக் குலுக்கிப் பாருங்கள். கடகட என்றால் தளர்ந்துவிட்டது. மூடிய நிலையில் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குப் பிடித்து, குழலுக்கும் முகப்புக்கும் நடுவே கோடாக வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அந்தத் துப்பாக்கி சுடக் கூடாதது.

பிரைமரில் குழியே இல்லையா? சேஃப்டி போட்டிருந்ததா என்று பாருங்கள். பல டபுள் பேரல்களில் துப்பாக்கியைத் திறந்து மூடினாலே சேஃப்டி தானாகப் பின்னால் வந்துவிடும். பட்டாளத்து ரைஃபிளில் பழகிய கைக்கு இது புதிது. அப்படியில்லையென்றால் ஊசி உடைந்திருக்கலாம். "டக்" சத்தமே வரவில்லையென்றால் துப்பாக்கியை முழுக்கத் திறக்காமல் பாதியில் மூடியிருப்பீர்கள். வெளியே சுத்தியல் இல்லாத டபுள் பேரலில் குழல் முழுவதும் மடிந்தால்தான் உள்ளே சுத்தியல் ஏறும்.

ஒரு முறை குத்துப்பட்டு வெடிக்காத தோட்டாவைத் திரும்பப் போட்டு சுட்டுப் பார்க்காதீர்கள். தனியாக எடுத்து வையுங்கள்.

வெடித்தது, ஆனால் சத்தம் "புஸ்" என்றிருந்தது

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால் இதை வையுங்கள். சத்தம் குறைவாக, உதை குறைவாக இருந்தால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. பயிற்சிச் சூட்டில் பின்னால் நின்று அதிகாரி அவசரப்படுத்தினாலும் கூடாது. மருந்து ஈரத்தால் அரைகுறையாக எரிந்து, தோட்டாவுக்குள் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பு குழலின் நடுவில் சிக்கி நிற்கலாம். பின்னால் இன்னொரு குண்டு வந்து அதில் மோதினால் குழல் பலூன் போல ஊதும், இல்லையென்றால் கிழியும். இடது கை இருக்கிற இடத்திலேயே கிழியலாம்.

கையை உயர்த்துங்கள், காத்திருங்கள், இரண்டு குழலையும் காலி செய்யுங்கள், குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். அடைப்பு இருந்தால், துப்பாக்கி காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகு, மரக்கம்பியால் தள்ளி எடுக்கலாம். இரும்புக் கம்பி வேண்டாம்.

சுடாமலேயே குழல் அடைபடுவதும் நடக்கிறது. பீரோவில் நின்ற துப்பாக்கியின் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். உப்புக் காற்று போகக் கூடாதென்று சிலர் குழல் வாயில் பஞ்சோ துணியோ செருகி வைக்கிறார்கள். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி அங்கேயே பிடித்து வைக்கும். அவசரத்தில் அதை எடுக்க மறந்தால் மேலே சொன்னதுதான் கதி. செருகவே வேண்டாம். குழல் உள்ளே எண்ணெயைக் கொட்டி வைப்பதும் இதே ஆபத்து. சேமித்து வைக்கையில் எண்ணெய் இருக்கட்டும், டியூட்டிக்கு எடுக்கும்போது காய்ந்த துணியை ஒருமுறை இழுத்துவிட்டு எடுங்கள்.

வீட்டில் 20 போர் துப்பாக்கியும் இருந்தால் அந்தத் தோட்டாக்களை இதன் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் சேம்பருக்குள் வழுக்கி முன்னால் போய் நின்றுவிடும், வெளியே பார்த்தால் காலி போலத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவும் ஒழுங்காக உள்ளே போகும். உலகம் முழுக்க இப்படிக் குழல் வெடித்திருக்கிறது.

தோட்டா உள்ளே போக மறுக்கிறது

பழைய காகித ஓட்டுத் தோட்டாக்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. அவை ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஊதிவிடும். தள்ளினால் பாதி போய் நிற்கும். அழுத்தித் திணிக்காதீர்கள், ஒதுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் ஓடு ஊதாது. அது போகவில்லையென்றால் சேம்பரில் துரு, இல்லையென்றால் பித்தளையில் களிம்பு. சேம்பரைப் பித்தளை பிரஷ்ஷும் எண்ணெயும் வைத்துத் தேயுங்கள். உப்புத்தாளை விட்டுத் தேய்த்தால் அந்த வாரம் சரியாக இருக்கும், அடுத்த மழைக்குக் கீறல் கீறலாகத் துரு ஏறும்.

போகாததைவிட, போகக் கூடாதது போய்விடுவதுதான் எனக்குக் கவலை. நம்மிடம் இருக்கிற பழைய துப்பாக்கிகளில் பலவற்றின் சேம்பர் 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் சுலபமாக நுழையும். ஏனென்றால் அந்த அளவு ஓடு வெடித்து வாய் விரிந்த பிறகான நீளம், மடித்த நிலையில் அது குட்டையாகத்தான் இருக்கும். சுட்டால் வாய் விரிய இடமில்லாமல் சேம்பருக்கு முன்னால் இருக்கிற குறுகலில் போய் நெருக்கும், அழுத்தம் கூடும். குழலைக் கழற்றி அடியில் தட்டையான இடத்தில் பொறித்திருக்கிற அளவைப் படியுங்கள், தோட்டா டப்பாவில் இருப்பதையும் படியுங்கள். கட்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா வாங்குகிறவர்களும் டப்பாவைப் பார்த்தே வாங்குங்கள்.

தோட்டா வைக்கிற இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பித்தளைக்கு ஈரத்தைவிடக் கொடிய எதிரி அம்மோனியா. வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் முழுக்க லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை, தொடாமலேயே விரிசல் விட்டது. காரணம் புரியாமல் வருடக்கணக்கில் தவித்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் முறையாக விளக்கினார்கள். ஆகவே கழிப்பறையை ஒட்டிய ஸ்டோர் ரூம், மாட்டுக் கொட்டகை, அம்மோனியா கலந்த கிளீனிங் திரவங்கள் அடுக்கிய அலமாரி இவற்றில் தோட்டா வைக்க வேண்டாம்.

வெடித்த ஓடு வெளியே வரவில்லை

வெடித்த ஓடு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் குழல் வாய்வழியாக மரக்கம்பி விட்டு மெதுவாகத் தட்டி எடுக்கலாம். வெடிக்காத தோட்டா சிக்கியிருந்தால் கம்பியைத் தொடவே கூடாது, அப்படியே கடைக்கு. காரணம் பெரும்பாலும் சேம்பர் துருதான். ஓட்டை வெளியே எழுப்புகிற எக்ஸ்ட்ராக்டரின் தண்டில் பிசின் பிடித்து அது முழுக்க எழும்பாமல் இருப்பதும் உண்டு. அந்தத் தண்டைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பாதி கேஸ் தீர்ந்துவிடும்.

திறக்க முடியவில்லை, மூட முடியவில்லை

மூட முடியவில்லையென்றால் எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் பாருங்கள். ஒரு மணல் துகள், எரியாத ஒரு மருந்துத் துகள் போதும். ஓங்கி மூடி உள்ளே நசுக்காதீர்கள், பழைய பல் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மழை மாதங்களில் முன்கை மரம் ஊதி இறுகுவதும் உண்டு. அதை அரத்தால் தேய்த்துவிட்டால் சித்திரையில் மரம் சுருங்கி ஆட ஆரம்பிக்கும். காய்ந்த இடத்தில் சில நாள் வைத்து, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும்.

திறக்க முடியவில்லையென்றால் நிலைமை வேறு. ஊசி பின்வாங்காமல் பிரைமருக்குள் சிக்கி நிற்கலாம். உள்ளே வெடிக்காத தோட்டா இருந்தால், முழங்காலில் வைத்து மடக்க முயன்றாலே வெடித்துவிடலாம். குழலைப் பத்திரமான பக்கம் வைத்து, மேலாளரிடம் சொல்லி, லைசென்ஸ் கடைக்காரரை வரவழையுங்கள்.

குழலில் பனி, அப்புறம் சிவப்புப் புள்ளி

இதுதான் நம் ஊர்க் குளிரின் இன்னொரு முகம். பனிப்பிரதேசத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும்: வெளியே உறைந்து கிடந்த ஆயுதத்தைச் சூடான பங்கருக்குள் கொண்டுவந்தால் சில நிமிடத்தில் முழுக்க வேர்த்துவிடும். மறுபடி வெளியே போனால் அந்த ஈரம் ஐஸாகி பாகங்களைப் பூட்டிவிடும். அதற்காகவே அங்கே ஆயுதத்தை வெளியிலேயே நிறுத்துவார்கள். இங்கே ஐஸ் ஆகாது, துருவாகும். மற்றபடி நடப்பது ஒன்றுதான், திசை மட்டும் தலைகீழ்.

இரவு முழுக்க ஏசி அறையில் இருந்த துப்பாக்கியின் இரும்பு 23 டிகிரியில் இருக்கிறது. வெளியே 30 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குறைவான எந்தப் பொருளைத் தொட்டாலும் அதில் தண்ணீராகப் படியும். வாசலுக்கு வந்த உடனே குழல் மங்கலாவது அதனால்தான். வெளிப்பக்கத்தைச் சட்டைக் கையாலேயே துடைத்துவிடுகிறோம். குழலின் உள்பக்கம், சேம்பர், லாக்கின் உள்ளே படிந்ததை யாரும் துடைப்பதில்லை. கடலோரக் காற்றில் வருகிற உப்பும் அந்த ஈரத்தில் கரைந்து உட்காருகிறது. வெளியே பளபளப்பாக இருக்கிற துப்பாக்கியின் சேம்பர் கரடுமுரடாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வழி எளிது. துப்பாக்கியை ஏசி இல்லாத, பூட்டக்கூடிய, காய்ந்த இடத்தில் வைக்க மேலாளரிடம் கேளுங்கள். அது முடியாதென்றால், வெளியே எடுப்பதற்கு முன் துணி உறையோடு ஏசி இல்லாத ஒரு நடையில், உங்கள் கண்பார்வையிலேயே, அரை மணி நேரம் வையுங்கள். இரும்பு சூடேறிய பிறகு உறையைப் பிரித்தால் பனி படியாது. அதற்கும் நேரமில்லையென்றால் வெளியே வந்த பத்து நிமிடத்தில் குழலுக்குள் ஒருமுறை காய்ந்த துணி இழுங்கள். குழலுக்குள் துணி இழுக்கிற பட்டாளத்துப் புல்த்ரூ கயிறும் ஃபிளானல் துண்டும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

ரெக்ஸின் உறைக்குள் வைத்துப் பூட்டுவதைப் போலத் துப்பாக்கிக்குச் செய்யும் கெடுதல் வேறில்லை. உள்ளே போன ஈரம் வெளியே வராது. பயணத்துக்கு உறை, சேமிப்புக்கு பீரோ. பீரோவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். நீலமாக இருந்தது இளஞ்சிவப்பானால் மாற்றிவிட வேண்டும், மாற்றாமல் கிடந்தால் அது வெறும் பொட்டலம்.

சிவப்புப் புள்ளி வந்துவிட்டதென்றால் எண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, சொரசொரப்பான துணியால் தேயுங்கள். கை பிடிக்கிற இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது உங்கள் வியர்வை. டியூட்டி முடிந்து வைக்கும்போது எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

பம்ப் ஆக்‌ஷன், செமி ஆட்டோமேட்டிக்

முன்கையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற பம்ப் துப்பாக்கியில் தோட்டா ஏறாமல் போனால் முதலில் கையைப் பாருங்கள். முன்கையைக் கடைசி வரை இழுக்காமல் பாதியில் தள்ளுவதுதான் பெரும்பாலும் காரணம். கை சரியென்றால் தோட்டாக்கள் வரிசையாக நிற்கிற மேகசின் குழாய்க்குள் துரு, அல்லது ஸ்பிரிங் சோர்வு.

செமி ஆட்டோமேட்டிக் வேறு சாதி. டபுள் பேரலில் அடுத்த குண்டு உங்கள் கை வேலை. செமி ஆட்டோவில் அதையும் வெடித்த தோட்டாவின் சக்தியே செய்ய வேண்டும், வாயுவாலோ உதையாலோ. அதனால் எண்ணெய் கெட்டியாவதை முதலில் உணர்வது அதுதான். லடாக்கின் குளிரில் நல்ல ஆயிலே தேன் போலாகும், மருந்தின் வேகமும் கொஞ்சம் குறையும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் பாதியில் நிற்கும், ஓடு வாயில் சிக்கும். அங்கே பழைய எண்ணெயை முழுக்கக் கழுவி, கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில், குளிருக்கென்று வரும் மெல்லிய ஆயிலைத் தொட்டுத்தான் வைக்க வேண்டும். பின்மரத்துக்குள் போல்ட் ஸ்பிரிங் ஓடுகிற குழாய் இருக்கிற மாடல்களில் அந்தக் குழாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஈரம் கடைசியில் போய்த் தங்குவது அங்கேதான், குளிர்நாட்டில் ஐஸாக, நம் கடலோரத்தில் துருவாக. அங்கே பழகிய ஒருவர் அதே காய்ந்த முறையை இங்கே கொண்டுவந்தால் ஒரு மழைக்காலத்தில் துப்பாக்கி துருப்பிடித்துவிடும். நம் பக்கம் கொஞ்சம் கூடுதல் எண்ணெய்தான் சரி, ஆனால் வாயுத் துளையும் பிஸ்டனும் மட்டும் காய்ந்திருக்கட்டும். அங்கே எண்ணெய் எரிந்து கரியாகும்.

வெள்ளத்தில் மூழ்கியது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் கிடந்த துப்பாக்கியை அப்படியே காயவிடாதீர்கள். காய்ந்தால் சேறும் உப்பும் உள்ளேயே இறுகும். நல்ல தண்ணீரில் அலசுங்கள், உதறுங்கள், துணியால் ஒற்றுங்கள், மின்விசிறிக் காற்றில் காயவைத்து உடனே எங்கும் எண்ணெய் விடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். அன்றே அல்லது மறுநாளே லைசென்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லாக்கைத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள். வெளியே என்ன செய்தாலும் உள்ளே தண்ணீர் நிற்கும்.

மூழ்கிய தோட்டாக்கள் எதுவும் டியூட்டிக்கு ஆகாது, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. குப்பையிலோ பக்கிங்காம் கால்வாயிலோ எறியக் கூடாது, பிரித்து மருந்தை எடுக்கவும் கூடாது. எண்ணிக்கையை வங்கிப் பதிவேட்டில் எழுதி, மேலாளரின் கடிதத்தோடு தோட்டா வாங்கிய டீலரிடமோ காவல் நிலையத்திலோ கேட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்துவிட்டு, எழுத்தில் ரசீது வாங்கி லைசென்ஸ் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.